பன்னெண்டு படத்துக்கு எதுக்குல இத்தனை பவுசு?

ஏல பேராண்டி, நீ வந்ததுலேர்ந்து பாத்துக்கிட்டேதான் இருக்கேன். கோயில் மாட்டுக்குச் சலங்கை கட்டுன மாதிரி கழுத்துல ஒரு பெட்டியைத் தொங்கவிட்டுக்கிட்டு தெருவுக்கும் திண்ணைக்குமா அலையுத. என்னலன்னு கேட்டா யாஷிகா மேட் 124ஜி-ன்னு சொல்லுத. ரெட்டை லென்ஸு, ஜப்பான்காரன் 1970-ல இறக்குனது, 80 மில்லிமீட்டர், எஃப் 3.5. பொண்ணு பாத்துட்டு வந்தவன்கூட இவ்வளவு விவரம் சொல்ல மாட்டான்ல. நல்ல சாமான்தான், நான் இல்லைன்னு சொல்லல. டவுன் ஸ்டூடியோவுல நான் டார்க் ரூம்ல கை நனைச்ச காலத்துல இதோட அண்ணன் தம்பியெல்லாம் என் கையால தூசி தட்டப்பட்டதுதான்.

ஆனா ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்காத. காலையிலேர்ந்து என்ன எடுத்த? ஒண்ணு டீ கிளாஸ். ஒண்ணு ஜன்னல் கம்பி. ஒண்ணு பூனை, அதுவும் முதுகைக் காட்டிக்கிட்டு. பொறவு அந்தக் கேமராவையே திண்ணையில சாய்ச்சு வச்சு, பக்கத்துல நாலு செம்பருத்தியைப் பறிச்சுப் போட்டு, அதைப் போன்ல பத்து படம் எடுத்த பாரு, அங்கதான் எனக்குச் சந்தேகம் வந்துட்டு. நீ கேமராவை வச்சுப் படம் எடுக்க வந்தியா, கேமராவைப் படம் எடுக்க வந்தியா?

ஒரு ரோலுக்குப் பன்னெண்டு படம். ரோலை வாங்கி, கூரியர்ல சென்னைக்கு அனுப்பிக் கழுவி, ஸ்கேன் பண்ணி வாங்குததுக்குள்ள ஆயிரத்தைத் தாண்டிருதுன்னு நீயே சொன்ன. போட்டோ எடுத்தா ஆயுசு குறையும்னு எங்க ஆத்தா பயப்படுவா. அவ தப்பாச் சொல்லல போலிருக்கு. உங்க அப்பன் மணிபர்ஸுக்குக் குறைஞ்சுக்கிட்டேதான வருது.

சரி, கொண்டா அதை. முதல்ல இந்த டார்ச்சை லென்ஸுக்குள்ள அடிச்சுப் பாரு. ஓரத்துல மெல்லிசா வெள்ளை நூல் ஓடியிருக்கு பாத்தியா? பூஞ்சை. விக்கவன் 'மிண்ட் கண்டிஷன்'னு சொல்லியிருப்பான், நீயும் தலையாட்டியிருப்ப. ஓரத்தோட நிக்கதுனால இப்போதைக்குப் படத்துல தெரியாது. ஆனா நம்ம ஊர் ஐப்பசி கார்த்திகை ஈரத்துக்கு அது சும்மா கெடக்காது. அந்தத் தோலுறை இருக்கு பாரு, ஆசையாத் தடவிக்கிட்டே இருக்கியே, அதுதான் ஈரத்தைக் குடிச்சு வச்சுக்கிட்டு லென்ஸுக்கு ஊட்டுது. உறையை ஆணியில மாட்டி அழகு பாரு. கேமராவை மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவுல சிலிக்கா ஜெல் பொட்டலத்தோட போட்டு வை. உங்க அம்மா ஊறுகாய்க்கு வாங்குன டப்பாவை எடுத்தா என் பேரைச் சொல்லாத.

பொறவு அந்த மீட்டரு. அது பாதரச பேட்டரிக்குன்னு செஞ்சது, 1.35 வோல்ட். பாதரசம் விஷம்னு அந்த பேட்டரியை உலகமே நிறுத்திப்புட்டு. நீ கடையில கெடச்ச 1.5 வோல்ட்டைச் சொருகிட்டு, முள்ளு காட்டுததையெல்லாம் வேதவாக்கா எடுத்துக்கிட்டு இருக்க. முள்ளைத் தள்ளு. நிழலைப் பாரு. தரையில உன் நிழலு விளிம்பு கூரா விழுதா, அப்ப எஃப் 16. ஷட்டரு வேகம் ஃபிலிம் நம்பரை ஒட்டி, 400 ரோலுக்கு 500-ல ஒண்ணு. நிழலு கொஞ்சம் மங்கினா 11, இருக்கா இல்லையான்னு தேடணும்னா 8. வேப்ப மர நிழல்ல ஆளை உக்காத்தினா 4. எந்த ஸ்டூடியோ மாஸ்டரும் இதுக்கு பேட்டரி போட்டதில்ல.

நேத்து என்னை எடுத்தியே, அந்தப் படத்துல என் மூஞ்சி கரியா விழுந்திருக்கும், எழுதி வச்சுக்கோ. வெள்ளை வேட்டி, வெள்ளைத் துண்டு, பின்னால வெள்ளையடிச்ச சுவரு. மீட்டருக்கு மனுசனையும் தெரியாது, வேட்டியையும் தெரியாது. எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பல் நிறம்னுதான் நெனைக்கும். இவ்வளவு வெளுப்பைக் கண்டதும் வெளிச்சம் ஜாஸ்தின்னு சுருக்கச் சொல்லிரும். நீயும் சுருக்கிருப்ப. வேட்டி சாம்பலாவும் நான் கரியாவும் ஆயிருப்போம். இதுக்கு ஒரு வழி சொல்லுதேன். ஆளு இருக்க வெளிச்சத்துலயே உன் உள்ளங்கையை நீட்டி அதுல அள. யாரு கறுப்பு யாரு செவப்புன்னாலும் உள்ளங்கை ஏறக்குறைய ஒரே வெளுப்புதான். அந்த அளவுலேர்ந்து ஒரு ஸ்டாப் திறந்து விடு. நெகட்டிவ் ஃபிலிமு கூடுதல் வெளிச்சத்தைத் தாங்கிக்கிடும். குறைஞ்சாத்தான் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிடும்.

இனி ஆளை எடுக்கத சமாச்சாரத்துக்கு வாரேன். உன் பெட்டியில இருக்க பெரிய சூட்சுமம் லென்ஸு இல்லல. குனிஞ்சு பாக்கணும் பாரு, அதுதான். மத்த கேமராவை மூஞ்சிக்கு நேரா தூக்குனா எதுத்தாப்ல இருக்கவன் விறைச்சுப் போவான். இதை வயித்துக்கு நேரா வச்சுத் தலையைக் குனிஞ்சா அவனுக்கு உன் உச்சி மண்டைதான் தெரியும். வணக்கம் போடுதியோன்னுகூட நெனைச்சுக்கிடுவான். கண்ணாடியில இடவலம் மாறித் தெரியதுனால நீ இந்தப் பக்கம் நகர வேண்டியவன் அந்தப் பக்கம் நகருவ, தடுமாறுவ. தடுமாறு, நல்லதுதான். அதுக்குள்ள எதுத்தாப்ல இருக்கவனுக்கு போஸு குடுத்துக் குடுத்துச் சலிச்சிரும். சலிச்ச மூஞ்சிதான் சொந்த மூஞ்சி.

எங்க மாஸ்டர் ஒரு களவாணித்தனம் பண்ணுவாரு. பிளேட்டு போடாமலே "ரெடி, அசையாதீங்க"ன்னு சொல்லி ரப்பர் பல்பை ஒரு அமுக்கு அமுக்குவாரு. வந்தவங்க படம் முடிஞ்சதுன்னு மூச்சு விட்டுத் தோளைத் தளத்துவாங்க. அப்பத்தான் நெசப்படம். உனக்குத்தான் போன் இருக்கே. முதல்ல போன்ல எடு, "நல்லா விழுந்திருக்கு"ன்னு காட்டு, அவங்க சிரிச்சு முடிச்சுச் சாயுதப்ப இதை அமுக்கு. பொய்தான். தொழில்ல இதெல்லாம் பாவத்துல சேராது.

நேத்து ராத்திரி ஒரு புத்தகம் காட்டுனியே, ஆப்பிரிக்காவுல மாலி தேசம், பமாக்கோ ஊரு, செய்து கெய்த்தான்னு ஒரு ஸ்டூடியோக்காரரு. 1948-ல கடை போட்டவராம். வாரவங்களுக்குப் போட்டுக்க வாட்ச், பேனா, ரேடியோ, வெஸ்பா வண்டி வரைக்கும் வச்சிருந்தாராம். பின்னால கட்டுன முதல் திரை அவரு படுக்கை விரிப்பாம். ஆளுக்கு ஒரே படம்தானாம், ஃபிலிமு வெலை அப்படி. நீ என்னமோ அதிசயமாச் சொன்ன. எனக்குச் சிரிப்பு வந்துட்டு. நம்ம ஸ்டூடியோவுலயும் ஆணியில ஒரு வாட்ச் தொங்கிச்சுல, ஓடாத வாட்ச். இந்தப் பக்கத்து ஊருகள்ல ஒரு தலைமுறை மாப்பிள்ளைமாரு மணிக்கட்டுல எல்லாம் அது ஒண்ணுதான் இருக்கும். ஆல்பத்தை அடுக்கிப் பாரு, எல்லாப் படத்துலயும் ஒரே நேரம் காட்டும். ஆனா கெய்த்தா எடுத்த ஆளுங்க உக்காந்திருக்க தோரணை இருக்கே, கையை எங்க வைக்கணும்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு. நம்மாளுங்க கையைப் பாரு, ரெண்டு முட்டியிலயும் ஒட்ட வச்சிருப்பான்.

அதோட டச்சிங் வேற. நெகட்டிவ்ல அம்மைத் தழும்போட நிழலு வெளுத்துக் கெடக்கும். மாஸ்டர் பென்சிலை ஊசியாச் சீவி அந்த வெளுப்பு மேல புள்ளி புள்ளியா ஏத்துவாரு. பிரிண்ட் போட்டா தழும்பு இருந்த எடம் தெரியாது. சில பேருக்கு அவரு தழும்போட சேத்து மூக்கையும் கொஞ்சம் சரி பண்ணிருவாரு, அதுக்குத் தனிக் கூலி. உன் போன் இப்பச் சும்மாவே பண்ணுது, அவ்வளவுதான்.

இப்ப நான் சொல்ல வந்ததுக்கு வாரேன். நம்ம வீட்டு டிரங்குப் பெட்டியில இருக்க படத்தையெல்லாம் கொட்டிப் பாத்தேல்ல. என்னல இருக்கு அதுல? கல்யாணம். சடங்கு. பள்ளிக்கூடத்து குரூப் போட்டோ. பொறவு செத்தவங்க படம். நாற்காலியில உக்காத்தி, நாடியைக் கட்டி, சுத்தி எல்லாரும் நின்னு எடுத்தது. எங்க அய்யாவுக்கு உசுரோட இருக்கையில ஒரு படம் கெடையாது, செத்த பொறவுதான் மாலை போட்டு எடுத்தோம். கமலை இறைச்ச மனுசன். அந்தக் கையி எப்படி இருந்ததுன்னு கேட்டா காட்ட ஒண்ணும் இல்ல.

அன்னைக்குக் கணக்கு அப்படி. யாரு வீட்டுலயாவது பரோடாவுல செஞ்ச அக்ஃபா கிளிக் 3 இருக்கும், அதுலயும் பன்னெண்டுதான். பொங்கலுக்குப் போட்ட ரோலு தீவாளி வரைக்கும் உள்ளயே கெடக்கும். நம்ம ஊட்டியிலயே சர்க்காரு கம்பெனி ஒண்ணு இருந்துச்சு, இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ். 1960-ல தொடங்கி 1967-ல ஃபிலிமு போட ஆரம்பிச்சான், 'இந்து'ன்னு முத்திரை. எக்ஸ்ரே ஃபிலிமும் அங்கதான் போட்டான். நம்ம சனங்களுக்கு மூஞ்சியைவிட எலும்புதான் அதுல ஜாஸ்தி பதிஞ்சிருக்கும். அந்த வெலையில எவன்ல அடுப்படியை எடுப்பான்? நல்ல நாளை மட்டும்தான் எடுத்தான்.

இப்ப உனக்கும் ஒவ்வொண்ணுக்கும் காசு. ஆனா நல்ல நாளை எடுக்கத்தான் வீட்டுல ஆறு போன் இருக்கே. இந்தப் பன்னெண்டை அன்றாடத்துக்கு ஒதுக்குல. அன்றாடம்னா டீ கிளாஸ் இல்ல, டீ ஆத்துதவன். சிக்காகோவுல பிள்ளை வளக்கத வேலை பாத்த ஒரு அம்மாவைப் பத்தி நீதான சொன்ன, விவியன் மேயர்னு. கழுத்துல உன்னுது ஜாதியிலயே ரோலிஃப்ளெக்ஸை மாட்டிக்கிட்டு, எசமான் வீட்டுப் பிள்ளைகளை நடத்திக் கூட்டிக்கிட்டே தெருவுல போறவன் வாறவனையெல்லாம் எடுத்துச்சாம். லட்சத்துக்கு மேல நெகட்டிவ். வாடகை கட்டாம விட்ட பெட்டிகளை 2007-ல ஏலம் விட்டப்பத்தான் வெளிய தெரிஞ்சுதாம். அதுல கழுவாத ரோலே நூத்துக்கணக்குல இருந்துச்சாம். எடுத்ததைப் பாக்கவே இல்லைன்னா பாத்துக்கோ. அந்தம்மா வழியில நட, ஆனா ரோலைக் கழுவு.

இன்னைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு முத்தத்துப் பக்கம் போ. உங்க ஆச்சி புளி உடைக்க உக்காருவா. சாக்கை விரிச்சு, ஒரு காலை நீட்டி, ஒரு காலை மடக்கி, மடக்குன காலால அருவாமணைப் பலகையை அமுக்கிக்கிடுவா. இடது கையில புளி, வலது கையி விரலு நுனியால கொட்டையை நெம்பித் தள்ளுவா. அந்தச் சுண்டுவிரலு மட்டும் எப்பவும் தனியாத் தூக்கி நிக்கும், சின்னதுல கதவு இடுக்குல நசுங்கினது. அம்பது வருசமாப் பாக்கேன், ஒரு படத்துலயும் அந்த விரலு இல்ல. வெளிச்சம் முத்தத்துலேர்ந்து ஒரு கன்னத்துல மட்டும் விழும், பின்னால அடுக்களை இருட்டு. எஃப் 4, அறுவதுல ஒண்ணு, முழங்கையை விலாவோட ஒட்டிக்கோ. மூணு அடிக்குள்ள போகாத, உன் லென்ஸு தெளியாது. "ஆச்சி இங்க பாரு"ன்னு சொன்னியோ தொலைஞ்ச. எந்திரிச்சுப் போயி சேலை மாத்திட்டு, பவுடர் போட்டுட்டு வந்து முட்டியில கை வச்சு உக்காந்துருவா. புளி வெலையைப் பத்திப் பேச்சுக் குடு, போதும். அவளா உன்னைப் பாக்கும்போது ஒண்ணு அமுக்கு. மிச்சமெல்லாம் அவ கையைப் பாத்து.

வீட்டுலயே கழுவப் போறேன்னு டப்பாவும் தூளும் வாங்கி வச்சிருக்கியே, டி-76. நல்ல மருந்துதான். ஆனா அதுல எழுதியிருக்க நிமிசக் கணக்கு 20 டிகிரி தண்ணிக்கு. நம்ம ஊரு சித்திரை மாசக் குழாயைத் திறந்தா அதுல அரிசி களையவே யோசிக்கணும். ஐஸை மருந்துக்குள்ள போட்டுறாத, மருந்து நீத்துப்போயிரும். வாளியில ஐஸ் தண்ணி வச்சு, மருந்து பாட்டிலை அதுக்குள்ள இறக்கி வை. ஹைப்போவுல அவசரப்படாத. பொறவு நல்லாத் தண்ணியில அலசு, இல்லைன்னா வருசம் போகப் போக நெகட்டிவ் பழுப்பேறும்.

ஸ்கேன் பண்ணி போன்ல காட்டுதேன்னு வந்து நிக்காத. ஆச்சி மூக்குக் கண்ணாடியைத் தேடி முடிக்கதுக்குள்ள உன் திரை அணைஞ்சிரும். எட்டுக்குப் பத்துல பிரிண்ட் போட்டுக் கொண்டா. சட்டம் போடுத செலவு நான் தாரேன், ஆனா எங்க மாட்டணும்னு நான்தான் சொல்லுவேன். டிவிக்கு மேல மாட்டுனா உங்க மாமன்மாரு வந்து பாத்துட்டு, எங்க அம்மாவைப் புளி உடைக்க விட்டுட்டானுவன்னு சண்டைக்கு வருவானுவ. வரட்டும்.

அடுத்த தடவ வரும்போது கறுப்பு வெள்ளை ரோலு ரெண்டு வாங்கிட்டு வா, 400-லயே. ஒண்ணு உனக்கு. இன்னொண்ணு எதுக்குன்னு உங்க அப்பன் கேட்டா, தாத்தாவுக்கு மருந்துன்னு சொல்லிரு.