கோழிக்குப் பதிலாக லாரி

1960களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கோழி மலிவாக வந்து குவிகிறதென்று ஐரோப்பியப் பொதுச் சந்தை அதன்மேல் வரி போட்டது. அமெரிக்காவுக்கு ரோஷம் வந்தது. 1964இல் பிராந்திக்கு வரி ஏறியது; சிறிய லாரிக்கு 25 சதவீத வரி. கோழிக்கும் லாரிக்கும் என்ன உறவு என்று யாரும் கேட்கவில்லை. பிராந்தி தப்பிவிட்டது; லாரி இன்னும் மாட்டிக்கொண்டிருக்கிறது.

இந்த லாரி வரிக்குத் தப்ப, சுபாரு தன் ‘பிராட்’ வண்டியின் சரக்குத் தொட்டியில் இரண்டு பிளாஸ்டிக் சீட்டைப் பொருத்திப் பயணிகள் வண்டியாக்கியது. மழை பெய்தால் பயணியின் பாடு தனி.

இந்த வரி யாரைக் காப்பாற்ற இருக்கிறதோ, அந்த ஃபோர்டு செய்ததுதான் அழகு. துருக்கியில் செய்த டிரான்சிட் கனெக்ட் வேன்களைப் பின்சீட்டும் ஜன்னலுமாகக் கப்பலேற்றியது. பயணிகள் வண்டிக்கு அப்போது வரி 2.5 சதவீதம்தானே! சுங்கம் தாண்டியதும் பால்டிமோரில் சீட்டைக் கழற்றி, ஜன்னலைத் தகடு வைத்து அடைத்தார்கள். சரக்கு வேன் தயார். ஒருவரும் உட்காராத சீட்டு, பெல்ட்டோடு அட்லாண்டிக்கைக் கடந்து, நேராக மறுசுழற்சிக்குப் போனது. கழற்றுகிற கூலி வரியைவிட மலிவு. தொழிற்சாலைக் கணக்கில் இதற்குப் பெயர் சிக்கனம். சுங்கத்துறை விடவில்லை. 2024இல் 36.5 கோடி டாலர் கொடுத்து, தவறு என்று ஒப்புக்கொள்ளாமலே, வழக்கை முடித்துக்கொண்டது ஃபோர்டு.