அல் எஸ். முனியாண்டி

சனிக்கிழமை காலையில் எனக்கு ஒரு வேலையும் கிடையாது என்று தெலுக் பங்லிமா காராங் முழுக்க யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். போன சனிக்கிழமை ஒன்பதரை மணி. வாங்கி வந்த ரொட்டி சானாயை இன்னும் பிய்க்கக்கூட இல்லை, கேட்டுக்கு வெளியே மூன்று மோட்டார் சைக்கிள், ஒரு மைவி கார். இறங்கியது எட்டுப் பிள்ளைகள். எட்டுப் பேர் கையிலும் போன். ஒருத்தன் மட்டும் மடிக்கணினியும் அதற்கான ஒயரும் கொண்டு வந்திருந்தான். வந்தவுடன் பிளக் எங்கே இருக்கிறது என்று கேட்டான். வணக்கம் அப்புறம்தான்.

"அங்கிள், அம்மா வரச் சொன்னாங்க."

எட்டுப் பேருக்கு ஏழு அம்மா, இருவர் இரட்டையர். அத்தனை அம்மாவும் அனுப்பிவைப்பதற்கு இந்த ஊரில் ஒரே ஆள்தான். காரணம், நான் எப்போதோ அமெரிக்காவில் படித்தபோது ஒரு ஹானர் சொசைட்டியில் உறுப்பினரானவன். தமிழில் தகைமைச் சங்கம் என்று நானாகப் பெயர் வைத்திருக்கிறேன். அப்படிச் சொன்னால் பிள்ளைகள் என்னைப் பரிதாபமாகப் பார்க்கிறார்கள்.

இந்தக் கட்டுரையில் மூன்று விஷயம் சொல்வதாக இருக்கிறேன். எந்தச் சங்கத்தில் சேரலாம், எதில் சேரக் கூடாது, சேர்ந்தபின் என்ன செய்ய வேண்டும். மூன்றையும் அன்று அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். தொண்டையைக்கூடக் கனைத்துக்கொண்டேன்.

முதலில் வரலாறு. வரலாறு சொல்லாமல் எதையும் தொடங்க எனக்கு வராது, வீட்டில் கேட்டால் சொல்வார்கள். 1776 டிசம்பர் 5ஆம் தேதி, வர்ஜீனியாவில் வில்லியம் அண்டு மேரி கல்லூரி மாணவர்கள் ஐந்து பேர் கூடி ஃபை பீட்டா கப்பா என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். அமெரிக்கா சுதந்திரம் அறிவித்து அப்போதுதான் ஐந்து மாதம். வெளியே சண்டை நடக்கிறது, உள்ளே இவர்கள் ரகசியக் கைகுலுக்கல் பழகுகிறார்கள். அந்த மூன்று எழுத்தும் ஒரு கிரேக்க வாசகத்தின் சுருக்கம். அறிவின் மீதுள்ள ஆசைதான் வாழ்க்கைக்கு வழிகாட்டி என்று பொருள். 1831 வாக்கில் ரகசியத்தைக் கைவிட்டார்கள். படிப்பில் உயர்ந்தவர்களுக்கான மரியாதைச் சங்கமாக அது நிலைத்தது. அதைப் பார்த்து ஒவ்வொரு துறைக்கும் ஒன்று முளைத்தது. 1977இல் அட்லாண்டாவில் தொடங்கிய கோல்டன் கீ, கடல் தாண்டி ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, மலேசியா என்று கிளை பரப்பியது.

இதை நான் போன மாதமே ஒரு அம்மாவிடம் போனில் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கப்பாவா? கப்பம் எவ்வளவு அண்ணே?" என்றார். இருநூற்றைம்பது வருட வரலாற்றை ஒரே கேள்வியில் சரியாகப் புரிந்துகொண்டவர் அவர் ஒருவர்தான். அப்பாக்களின் கவலை வேறு. மலேசியாவின் 1971ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டத்துக்குப் பயந்து படித்த தலைமுறை அது. சங்கம் என்ற சொல்லைக் கேட்டாலே மகனுக்குப் படிப்பு போய்விடும் என்று நினைக்கிறார்கள். இத்தனைக்கும் ஊரில் ஆளுக்கு இரண்டு சங்கத்தில் இருப்பவர்கள். 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டப்படி ஏழு பேர் கூடினால் சங்கம். நம் ஆட்களில் எட்டாவது ஆள் வந்து சேர்ந்ததும் இரண்டாவது சங்கத்துக்கு மனு தயாராகிவிடும்.

இருக்கட்டும். பிள்ளைகளிடம் அந்த ஐந்து மாணவர்கள் கதை வரை வந்திருப்பேன். மைவி ஓட்டி வந்த பெண் கையைத் தூக்கினாள்.

"அங்கிள், ஹிஸ்டரி அப்புறம் கேட்டுக்கறோம். ஃபாரம் இன்னைக்கு ராத்திரி குளோஸ் ஆவுது. சிலேஷ் போட்டா ஏத்துக்க மாட்டேங்குது."

அவ்வளவுதான். என் மூன்று விஷயமும் அந்த இடத்தோடு போயின.

அந்தப் பெண்ணின் பெயர் கவிதா என்றே வைத்துக்கொள்வோம். ஐ.சி. என்ற அடையாள அட்டையில் உள்ளபடி கவிதா ஏ/பி முனுசாமி, அதாவது முனுசாமி மகள் கவிதா. சங்கத்தின் அமெரிக்கப் படிவத்தில் மூன்று கட்டம். முதல் பெயர், நடுப்பெயர், கடைசிப் பெயர். முதலுக்கும் கடைசிக்கும் சிவப்பு நட்சத்திரம், காலியாக விட முடியாது. முதல் கட்டத்தில் கவிதா. தகராறு இல்லை. நடுவில் ஏ/பி என்று தட்டினாள். "எழுத்துகளை மட்டும் பயன்படுத்தவும்" என்று படிவம் திட்டியது. கோட்டை எடுத்துவிட்டு ஏபி என்று போட்டாள், ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்டதே தவிர, மேலே "வருக, ஏபி!" என்று வேறு காட்டியது. விரும்பும் பெயர் என்று நான்காவதாக ஒரு கட்டம் இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. அது நடுப்பெயரையே எடுத்துக்கொண்டுவிட்டது.

"கடைசிப் பெயர்னா கடைசியில இருக்கற பெயர்தானே அங்கிள்?"

"கடைசியில இருக்கறது உங்க அப்பா பெயரும்மா."

"அப்ப அவர்தான் சேர்றாரா?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் உண்டு. கொஞ்சம் பொறுங்கள்.

அடுத்தவன் புத்திசாலி. மகன் என்று காட்டும் ஏ/எல் என்பதை விரித்து அனாக் லெலாக்கி என்று முழுதாக எழுதிவிட்டான். ஐந்தே நிமிடத்தில் மின்னஞ்சல் வந்தது. "அன்புள்ள அனாக்" என்று தொடங்கியது. மலாய் தெரிந்தவர்களுக்கு அர்த்தம் தெரியும். அன்புள்ள குழந்தாய். ஏதோ பாதிரியார் எழுதிய கடிதம் போல் இருக்கிறதே என்று எட்டுப் பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ரொட்டி ஆறிக்கொண்டிருந்தது.

மூன்றாமவன் கோட்டை இந்தப் பக்கம் சாய்க்காமல் அந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தான். பக்கமே வெள்ளையாகிப் போனது. நான்காவது பெண் ஏ/பியை அடியோடு விட்டுவிட்டாள். வேகமாக முடித்தாள், படிவமும் வாழ்த்துச் சொன்னது. பிறகுதான் ஒருத்தி நினைவூட்டினாள், பாஸ்போர்ட்டிலும் ஐ.சி.யிலும் உள்ள பெயரோடு பொருந்தாவிட்டால் உபகாரச் சம்பளத்துக்குப் போகும்போது சத்தியப் பிரமாணம் எழுதிக் கமிஷனர் முத்திரை வாங்க வேண்டியிருக்கும் என்று. அவள் முகம் அப்படியே தொங்கிப் போயிற்று. ஐந்தாமவனின் அப்பா பாலசுப்பிரமணியம். கட்டம் பாலசுப்பிர வரைதான் இடம் கொடுத்தது. "போதும் அங்கிள், வீட்டுல பாலானுதான் கூப்பிடுவாங்க" என்றான். பெரிய மனசு.

அடுத்து அந்த இரட்டைப் பிள்ளைகள். ஒரே நாளில், ஒரே மருத்துவமனையில், பத்து நிமிட இடைவெளியில் பிறந்தவர்கள். ஒருத்தியின் அப்பா லெட்சுமணன், இன்னொருத்தியின் அப்பா லட்சுமணன். ஆங்கிலத்தில் ஒருவருக்கு டி.சி.எச். உண்டு, மற்றவருக்கு இல்லை. சகோதரிகள் என்றால் குடும்ப உறுப்பினர் சலுகை உண்டாம். கடைசிப் பெயர் வேறாக இருப்பதால் சலுகை கிடையாது என்று படிவம் தீர்ப்பு சொல்லிவிட்டது. இதில் பிள்ளைகளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. என் வீட்டிலேயே மூன்று பேருக்கு மூன்று எழுத்துக்கூட்டல். தோட்டத்தில் பிறந்தவர்கள் நாங்கள். பெயரைச் சொன்னது அப்பா, எழுதியது கிராணி. அப்பா ஒருவர்தான், கிராணி மூன்று பேர்.

சீனப் பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயர் முன்னால் வரும், படிவம் அதைத் தூக்கிப் பின்னால் வைக்கும். ஆனாலும் மூன்று சொல்லும் அவர்களுடையதாகவே இருக்கும். மலாய்க்காரர்களுக்கு பின், பிந்தி. ஒழுங்கான சொற்கள், எந்தக் கட்டத்திலும் உட்கார்ந்துகொள்ளும். சிங்கப்பூரில் நம்மவர்களுக்கு எஸ்/ஓ, டி/ஓ. அதிலும் கோடு உண்டு. தமிழ்நாட்டில் அப்பாவை ஒரே எழுத்தாகச் சுருக்கி, புள்ளி வைத்து முன்னால் நிறுத்திவிட்டார்கள். இங்கே நமக்குப் பெயருக்கும் அப்பாவுக்கும் நடுவில் ஒரு சாய்கோடு. விமான டிக்கெட்டில் அந்தக் கோடு காணாமல் போய், எழுத்து மட்டும் பெயரின் வாலில் ஒட்டிக்கொள்ளும். கவிதாஏபி. பல் மருத்துவமனையில் ஏபி என்று கூப்பிட்டால் நான்கு பெண்கள் எழுந்து நிற்பார்கள். நானே பார்த்திருக்கிறேன்.

இப்போது அந்தக் கேள்விக்கு வருகிறேன். அப்பாதான் சேர்கிறாரா?

1992இல், சுபாங் பக்கம் ஒரு கல்லூரியில் இரண்டு வருடம் படித்துவிட்டு, மிச்சப் படிப்புக்கு அமெரிக்கா போனேன். நாலு பக்கமும் சோளக் கொல்லை சூழ்ந்த ஊர். போன முதல் நாளே பதிவு அலுவலகத்து அம்மாள் என் பாஸ்போர்ட்டைப் பார்த்தார். சுப்பிரமணியம் ஏ/எல் முனியாண்டி. சுப்பிரமணியம் அவருக்கு மிரட்சியாக இருந்திருக்க வேண்டும். கடைசியில் முனியாண்டி, அதைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டார். இரண்டுக்கும் நடுவில், தெய்வாதீனமாக, அவருக்குத் தெரிந்த ஒரு பெயர் இருந்தது. அல். அப்போது அல் கோர் துணை அதிபர் தேர்தலுக்கு நின்றுகொண்டிருந்த நேரம், தொலைக்காட்சியைத் திறந்தால் அந்தப் பெயர்தான். நிம்மதியாகத் தட்டெழுதினார். மிரட்டிய பெயரை ஒரே எழுத்தாக்கி நடுவில் வைத்தார்.

அல் எஸ். முனியாண்டி. கேட்டால் செனட்டர் மாதிரி இருக்கிறதா இல்லையா?

மூன்று வருடம் அந்தப் பெயரோடு குடித்தனம் நடத்தினேன். விடுதியில் அல், நூலகத்தில் அல், கடனாகக் காப்பி கேட்டாலும் அல். 1995 வசந்தத்தில் தகைமைச் சங்கத்திலிருந்து அழைப்பு வந்தது. பெரிய அறை, விளக்கை அணைத்து மெழுகுவத்தி ஏற்றினார்கள். மெழுகு கையில் சொட்டாமலிருக்க ஒவ்வொருவருக்கும் வட்ட அட்டை. ஒருவர் பின் ஒருவராகப் பெயர் வாசிக்க, போய்ப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். வாசித்த பேராசிரியர் முறைப்படி செய்கிறவர். செல்லப்பெயர் வேண்டாம் என்று முழுப்பெயராக மாற்றி, "ஆல்பர்ட் முனியாண்டி" என்றார்.

யாரும் எழுந்திருக்கவில்லை. நானும்தான். யாரடா அது, நம்ம ஊர்க்காரன் மாதிரி இருக்கிறதே, பிறகு போய்ப் பேச வேண்டும் என்று நினைத்துக்கொண்டு ஆவலாகத் திரும்பிப் பார்த்தேன். மூன்றாம் முறை கூப்பிட்டபோதுதான் பக்கத்திலிருந்தவள் விலாவில் இடித்தாள். எழுந்த வேகத்தில் மெழுகுவத்தி அணைந்து போயிற்று. அணைந்தால் என்ன செய்வது என்று சங்க விதியில் இல்லை போலிருக்கிறது. தங்களுக்குள் கொஞ்ச நேரம் கலந்து பேசிவிட்டுத் தீப்பெட்டி கொடுத்தார்கள்.

சான்றிதழ் தபாலில் பூலாவ் கேரி தோட்டத்து வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அப்பா அப்போது செம்பனைக் குலை வெட்டிக்கொண்டிருந்தார். தமிழ்ப்பள்ளியில் நான்கு வருடம் படித்தவர். ஆங்கிலத்தில் அவருக்குத் தெரிந்த ஒரே எழுத்துக்கோவை அவருடைய பெயர், சம்பள நாளில் கிராணி காட்டிக் காட்டிப் பழக்கியது. கெட்டித் தாள், தங்க முத்திரை, நட்ட நடுவில் அந்தப் பெயர். பூச்சோங்கில் சட்டம் போட்டு வாங்கி முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார். யார் வந்தாலும், "அமெரிக்காவிலேர்ந்து எனக்கு அனுப்பியிருக்கான்" என்பார். யார் அனுப்பினான், எதற்கு அனுப்பினான் என்று அவரும் சொல்ல மாட்டார், கேட்டவரும் கேட்க மாட்டார். நான் திரும்பி வந்து, அது நான் வாங்கியது என்று ஒரு தடவை மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "அப்ப உன் பேரு எங்கடா?" என்றார். விரலை வைத்து எஸ்ஸைக் காட்டினேன். புள்ளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அதற்குமேல் பேச்சில்லை.

அவர் போய்ப் பத்து வருடம் ஆகிறது. படம் இப்போது என் வீட்டுக் கூடத்தில்தான் இருக்கிறது. எட்டுப் பிள்ளைகளும் அதைப் பார்த்தார்கள். "யாரு அங்கிள் அல்?" என்று மடிக்கணினிக்காரன் கேட்டான்.

சாயங்காலம் நான்கு மணிக்கு அவர்கள் கிளம்பும்போது ஆறு படிவம் போயிருந்தது. இரட்டையர் இருவரும் எந்த லெட்சுமணன் என்று முடிவாகாமல் சண்டை போட்டுக்கொண்டே ஏறினார்கள். என் வீட்டில் ஒரு தட்டுப் பக்கோடா, இரண்டு ஜாடி மைலோ, என் சனிக்கிழமை எல்லாம் காலி. நன்றி சொன்னார்கள். சேர்ந்தபின் அந்தச் சங்கத்தில் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு பிள்ளையும் கேட்கவில்லை. ரெஸ்யூமேயில் எந்த இடத்தில் போடுவது என்று மட்டும் நான்கு பேர் கேட்டார்கள். நானும்தான் முப்பது வருடமாக என்ன செய்தேன்? ஆண்டுக்கு ஒருமுறை சந்தா கேட்டுக் கடிதம் வரும், ஆல்பர்ட்டுக்கு. இங்கே அப்படி ஆள் இல்லை என்று எழுதித் திருப்பி அனுப்பிவிடுவேன்.

செவ்வாய்க்கிழமை கவிதாவின் அப்பா வந்தார். தொழிற்பேட்டையில் கொண்டெய்னர் லாரி ஓட்டுகிறவர். லாரியை வாசலிலேயே நிறுத்திவிட்டு, பின்னால் மூன்று கார் ஹாரன் அடிக்க, போனை நீட்டினார். மகள் அவருடைய எண்ணையும் படிவத்தில் கொடுத்திருக்கிறாள். "அன்புள்ள திரு. முனுசாமி, உங்கள் சிறந்த கல்விச் சாதனையைப் பாராட்டி..." என்று இருந்தது. "அண்ணே, இது நெசமா, ஸ்கேமா?" என்றார். நெசம்தான் என்றேன். முகத்தைப் பார்க்க வேண்டுமே. சரி, சட்டம் போட இடம் தேடுவார் என்று தெரிந்துவிட்டது.

அந்த மூன்று விஷயமும் பாக்கி இருக்கிறது, மறக்கவில்லை. ஆனால் வருகிற சனிக்கிழமை நான் பூலாவ் கேரிக்கு நண்டு சாப்பிடப் போகிறேன், கேட்டில் பூட்டு தொங்கும். பிள்ளைகளை அனுப்பாதீர்கள். அனுப்பியே ஆக வேண்டும் என்றால் அப்பாவையும் ஐ.சி.யோடு கூட அனுப்புங்கள்.