குமுட்டிக்கு வந்த யோகம்

எழுபதுகளில் மதுரையில் எங்கள் வீட்டுக்கு விருந்தாளி வந்தால், முதலில் கொல்லைக்குக் கடத்தப்படுவது குமுட்டி அடுப்புதான். இப்போது விருந்தாளி வந்தால் முதலில் மொட்டை மாடிக்கு அழைத்துப்போய்க் காட்டப்படுவதும் கரி அடுப்புதான். என்ன, பெயர் பார்பிக்யூ. சக்கரம் உண்டு, மூடி உண்டு, மூடியில் சூடு காட்டும் முள்ளும் உண்டு.

குமுட்டிக்கு இந்த அந்தஸ்தெல்லாம் கிடையாது. இரும்பு வாளிக்குள் களிமண் பூச்சு, நடுவில் ஓட்டைத் தட்டு, அடியில் காற்றுப் போக ஒரு வாய். ராமநாதபுரத்துப் பக்கம் சீமைக் கருவேலத்தை வெட்டி, மூட்டம் போட்டு எடுத்த கரி மூட்டையாக வரும். அம்மா விடியலில் சாம்பலைத் தட்டி, தேங்காய் நாரில் துளி மண்ணெண்ணெய் விட்டுக் கொளுத்தி, பனையோலை விசிறியோடு உட்காருவாள். அப்பா திண்ணையிலிருந்து "காபி ஆச்சா?" என்று குரலால் ஒத்தாசை செய்வார். மூட்டையின் அடியில் தங்கும் தூளைக்கூட விடமாட்டாள். சாணியோடு பிசைந்து உருண்டை பிடித்து வெயிலில் காயவைப்பாள்.

எழுதிவைத்து வருஷக்கணக்கில் காத்திருந்து ஒருவழியாக கேஸ் வந்தது. 14.2 கிலோ சிலிண்டருக்குச் சந்தனம், குங்குமம் எல்லாம் நடந்தது. குமுட்டியில் கற்றாழை நட்டோம்.

இப்போது மகன் வாரக்கணக்கில் ஆராய்ச்சி செய்கிறான்: கேஸ் கிரில்லா, கரி கிரில்லா? மருமகள் கேஸ் கட்சி. திருகினால் எரியும், வேண்டுமானால் குறைக்கலாம், சாம்பல் அள்ள வேண்டாம். "கரியில சுட்டாத்தான்பா அந்த வாசனை" என்கிறான் இவன். நன்றாகக் கனிந்த கரிக்குத் தனி வாசனை அதிகமில்லை. கொழுப்பும் மசாலாவும் நெருப்பில் சொட்டிப் புகைந்து திரும்பக் கறியில் ஏறுகிறதே, பெரும்பாலும் அதுதான் வாசனை. சொட்டு விழுவதற்குச் சூடான தகடு இருந்தால் கேஸ் கிரில்லிலும் அது நடக்கும். ஆனால் கருவாடு சுடுவதற்குக் கனலைப் போல வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என்னை யார் கேட்டார்கள்?

கரி ஜெயித்தது. பொட்டலத்தைப் பிரித்தால் குட்டித் தலையணைகளாகக் கரி உருண்டை! 1920களில் ஃபோர்டு கம்பெனி, கார் செய்து மிஞ்சிய மரத்துண்டுகளைக் கரியாக்கி, மாவுப் பசை சேர்த்து அமுக்கி விற்ற சரக்கின் வாரிசுகள். சாணிக்குப் பதில் ஸ்டார்ச், அவ்வளவுதான். அம்மா காப்புரிமை வாங்காமல் போய்விட்டாள்.

பற்றவைக்கக் கொஞ்சம் கொட்டாங்கச்சிக் கரி கிடைக்குமா என்று தெரு இஸ்திரிக்காரரிடம் கேட்டான். அவர் கேஸ் பெட்டிக்கு மாறிவிட்டாராம். "அந்தக் கஷ்டம் இன்னும் யாருக்கு சார் வேணும்?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை "இன்னிக்குச் சமையல் நான்தான்" என்று அறிவித்தான். மசாலா அரைத்து, கறியை ஊறவைத்து, தட்டு அடுக்கியதெல்லாம் மருமகள். இவன் ஹேர் டிரையரால் கரியை ஊதினான். கனிகிற நேரம் பார்த்து மழை. அடுப்பை ஹாலுக்குள் இழுக்கப் பார்த்தவனைத் தடுத்தேன். கேஸ் கசிந்தால் நாற்றமாவது ஊரைக் கூட்டும். கரி விடுகிற கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளைச் சாய்த்துவிடும்.

மருமகள் ஒன்றும் பேசவில்லை. கேஸ் அடுப்பில் தோசைக்கல்லைப் போட்டு, கறித் துண்டுகளை வரிசையாக வைத்தாள்.

"இருந்தாலும் அந்தச் சுட்ட வாசனை இல்லையே" என்றான் மகன், இன்னொரு துண்டை எடுத்துக்கொண்டே.