குதிருக்குள் இல்லை

நான் தத்துவம் படிக்கிற ஆள் என்று இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் வேறு யாரும் அப்படிச் சொன்னதில்லை.

முதலில், எது வந்தாலும் கலங்காத ஸ்டோயிக் ஆகப் பார்த்தேன். மார்க்கஸ் அரேலியஸ் 161 முதல் 180 வரை ரோமாபுரிக்குச் சக்கரவர்த்தி. போருக்குப் போன இடத்திலும் தனக்காக மட்டும் கிரேக்கத்தில் குறிப்பு எழுதிவந்தவர். இன்றைக்கு வேண்டாத வேலையில் மூக்கை நுழைக்கிறவன், நன்றி கெட்டவன், பொறாமைக்காரன் எல்லாரும் எதிரே வருவார்கள் என்று விடிந்ததும் மனசைத் தயார் செய்துகொள்வாராம். எனக்கு இது மிகவும் பிடித்துப்போய், ஒரு டைரி வாங்கினேன். அவர் பொதுவாகச் சொன்னதை நான் பெயரோடு எழுதினேன். நான்காம் நாள், பால் கணக்கு எழுத வெற்றுத் தாள் தேடிய மனைவியின் கையில் டைரி சிக்கியது. பட்டியலில் முதல் பெயர் அவளுடைய அண்ணன். அன்று காலை எதிரே யார் வருவார் என்று மார்க்கஸ் சொல்லித்தரவில்லை.

சரி, செனெகாவிடம் போவோம் என்று கிளம்பினேன். கோபத்தைப் பற்றி மூன்று பாகம் எழுதியிருக்கிறார். கோபத்துக்குத் தாமதம்தான் பெரிய மருந்தாம். அதைப் பேருந்து நிறுத்தத்தில் நின்றபடிதான் படித்தேன். பேருந்து நாற்பது நிமிஷம் தாமதம். மருந்து வேலை செய்யவில்லை, கண்டக்டரிடம் கத்திவிட்டேன். மனுஷர் நீரோவுக்கு வாத்தியார், பெரும் பணக்காரர். சில நாள் முரட்டுத் துணி, மட்டமான சாப்பாடு என்று வறுமையைப் பழகிப் பார்க்கச் சொல்கிறார். எங்கள் வீட்டில் இருபத்தைந்தாம் தேதிக்கு மேல் இது தானாகவே நடக்கும். அதற்குத் தத்துவம் என்று பெயர் வைக்கத்தான் எனக்குத் தோன்றாமல் போயிற்று.

டயோஜெனிஸ் பீப்பாயில் வாழ்ந்தார் என்பார்கள். உண்மையில் அது பெரிய மண்சாடி, நம் ஊர்க் குதிர் மாதிரி. ஒரு பையன் கையால் தண்ணீர் அள்ளிக் குடிப்பதைக் கண்டு, தன் கிண்ணத்தைத் தூக்கி எறிந்தாராம். நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேண்டாத சாமான்களை ஒழிக்கிறேன் என்று மூட்டை கட்டி வாசலில் வைத்தேன். மனைவி அவிழ்த்துப் பார்த்தாள். "எல்லாம் என் சாமானா இருக்கு?" என்றாள். "உன்னுதுன்னு பார்த்து எடுக்கலையே" என்றேன், அவள் அதைக் கேட்பதற்கு முன்பே. எங்கப்பன் குதிருக்குள் இல்லை.

ஸ்பினோசாவுக்கு 1673இல் ஹைடெல்பெர்க் பல்கலைக்கழகம் பேராசிரியர் பதவி தர முன்வந்தது. வேண்டாம் என்று சொல்லி, லென்ஸ் தேய்த்தே காலம் தள்ளினார். எனக்கு யாரும் எதுவும் தரவில்லை, ஆகவே மறுக்கவும் வழியில்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைப்பதோடு சரி.

கான்ட்டிடம்தான் அதிக நாள் தங்கினேன். ஐந்து மணிக்கு எழுப்பிவிட லாம்பெ என்ற வேலைக்காரர் அவருக்கு இருந்தார். நான் என் பையனை நியமித்தேன். கெஞ்சினாலும் விடாதே என்று சொல்லியிருந்தேன், அவன் விடவில்லை, அவனையும் திட்டினேன். கான்ட் உலாவப் போவதைப் பார்த்து கோனிக்ஸ்பெர்க் ஊரார் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார்கள் என்று கதை உண்டு. என் தலை தெரிந்தால் முக்கு டீக்கடைக்காரர் வடைச் சட்டியை அடுப்பில் ஏற்றுவார். ரூசோவின் 'எமில்' கைக்கு வந்தபோது கான்ட் உலாவப் போகவே மறந்தாராம். நான் போகாத நாட்கள் ஏராளம். ஒன்றுக்கும் புத்தகம் காரணமில்லை. 1781இல் வந்த அவருடைய பெரிய நூல் என்னிடம் இருக்கிறது. பதினோராம் பக்கத்தில் ஒரு பழைய கரண்ட் பில் செருகியிருக்கிறது.

போன தையில் ஒரு கல்யாணப் பந்தி. பக்கத்து இலையில் ஓய்வுபெற்ற தத்துவப் பேராசிரியர். முப்பது வருஷம் ஹியூமும் கான்ட்டும் பாடம் எடுத்தவர். பார்த்தால் தெரியாது, கூட்டுக்கு உப்பில்லை என்பதைத் தவிர எதுவும் பேசவில்லை. நான்தான் வாயைத் திறந்து, கான்ட் படிக்கிறேன் என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்படியா தம்பி! காரணகாரியத்தைப் பத்தி ஹியூம் ஒரு சந்தேகம் கிளப்புறாரே, அதுக்கு கான்ட் சொல்ற பதில் உங்களுக்குத் திருப்தியா இருக்கா?"

ரசத்தைக் கொஞ்ச நேரம் பிசைந்தேன்.

"அவர் அஞ்சு மணிக்கே எழுந்திருவார் சார்" என்றேன்.

பேராசிரியர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு, "பாயசம் வருது, இலையைப் பாருங்க" என்றார்.