மாப்ளைக்கு எட்டு முழம் வாய்க்கால்

உலகத்தைத் திருத்தப் போறேன்னு நீ சொன்னதும் எனக்குச் சந்தோசம் தாங்கலை மாப்ளே. ரொம்ப நாளா அது கோணலாத்தான் கிடக்கு. ஒரு ஆள் வரமாட்டானான்னு நாங்களும் பார்த்துக்கிட்டேதான் இருந்தோம். ஒரே ஒரு சந்தேகம்: எந்தப் பக்கமிருந்து தொடங்குவே? காலையில கிழக்கே பார்த்து நின்னா வெயில் மூஞ்சியில அடிக்கும், அதுக்குத்தான் கேக்குறேன்.

அமேசான் காடு எரியுதுன்னே. பாவம். துருவத்துல பனி உருகுதுன்னே. நெசமாத்தான் இருக்கும், படிச்ச பிள்ளை பொய் சொல்ல மாட்டே. நம்ம கண்மாய்க்கு வரத்துக்கால் எங்கிட்டு இருக்குன்னு கேட்டதுக்கு மட்டும் போனை எடுத்து மேப்பை விரிச்சே பாரு, அங்கதான் எனக்கு இருமல் வந்துருச்சு. மேப்புல எப்படித் தெரியும்? தரையிலயே காணோமே. பாதியைச் சீமைக்கருவேலம் தின்னுருச்சு. மீதிக் கதையை அப்புறம் சொல்றேன்.

தமிழ்நாட்டுல ஏரி, கண்மாய்னு 39,000-க்கு மேல இருக்குன்னு கணக்கு. எல்லாம் ராசா வெட்டினதுன்னு பள்ளிக்கூடத்துல சொல்லியிருப்பாங்க. வெட்டினது ராசாவாகவே இருக்கட்டும். வருசா வருசம் அள்ளுனது யாரு? ராசாவுக்கு அந்த வேலை இருந்ததா நான் கேள்விப்பட்டதில்லை.

ஐப்பசி மழைக்கு முன்னாடி வரத்துக்காலைச் சுத்தம் பண்ணிடணும். கோடையில கண்மாய் காஞ்சதும் கரம்பையை அள்ளி வயல்ல கொட்டணும். கண்மாயும் ஆழமாகும், வயலும் தேறும். குடிமராமத்துன்னு அதுக்குப் பேரு. காணிக்கு இத்தனை ஆள், தலைக்கட்டுக்கு ஒரு ஆள்னு ஊருக்கு ஊர் கணக்கு மாறும். நாங்கல்லாம் பரோபகாரிங்கன்னு மட்டும் நெனச்சுப்புடாதே. வராத வீட்டுக்குத் தண்டம். தண்டமும் கட்டலைன்னா, அந்த வீட்டு வயலுக்குத் தண்ணி முறை வர்றப்ப நீர்பாய்ச்சிக்குத் திடீர்னு கண்ணு மங்கிடும். எங்களை ஒழுங்கா வச்சிருந்தது நல்ல மனசு இல்லை மாப்ளே, அவரு கண்ணுதான்.

வெள்ளைக்காரனுக்கு இதைப் பார்த்து ஆசை வந்து 1858-ல கட்டாய உழைப்புச் சட்டம்னு ஒண்ணு போட்டான். மராமத்துக்கு வராதவனைச் சட்டம் கேக்குமாம். சட்டம் நின்னுச்சு, கண்மாய் மேடாச்சு. வருமானம் சர்க்காருக்கு, சேறு ஊருக்குன்னு பிரிச்சா எவன் மம்பட்டி தூக்குவான்? அப்புறம் 2017-ல நம்ம சர்க்காரே அந்தப் பழைய பேரைத் தூசி தட்டி எடுத்துச்சு. செலவுல பத்துல ஒரு பங்கு பாசனக்காரங்க போடணும்னாங்க, காசாவோ உழைப்பாவோ. நல்ல யோசனைதான். நம்ம ஊர்ப் பங்கை யாரு போட்டாங்கன்னு கேட்டுப் பாரு, எல்லாரும் பக்கத்துல நிக்கிறவனைப் பார்ப்பாங்க.

பழைய காலத்தைப் பேசுற கிழவன் எவனும் முழுங்கிப்புடுற சேதி ஒண்ணு இருக்கு. மடை திறக்கத் தண்ணிக்குள்ள மூழ்குனவனும், மழை ராத்திரியில கரைக்குக் காவல் கிடந்தவனும் ஒரு தெரு. கரை மேல நின்னு அதட்டுனவன் வேற தெரு. அள்ளுறப்ப எல்லாரும் ஒரே ஊருதான். மீன் பங்கு பிரிக்கிறப்பதான் தெரு ஞாபகம் வரும். நானும் கரைமேல் தெருதான். அதனால அந்த ஏற்பாட்டை அப்படியே கொண்டான்னு சொல்ல மாட்டேன். மம்பட்டியை மட்டும் கொண்டா. இந்தத் தடவை கரை மேல நிக்கிற உத்தியோகம் யாருக்கும் கிடையாது.

உன் கூட்டாளிங்க சங்கதிக்கு வருவோம். அதே 2017-ல சீமைக்கருவேலத்தை ஒழிக்கச் சொல்லி மதுரை ஐகோர்ட்டுக் கிளையில உத்தரவு வந்துச்சுல்ல, அப்ப ஒரே மாதிரி பனியன் அடிச்சுப் போட்டுக்கிட்டு வந்தாங்க. முழங்கால் உயரத்துல வெட்டினாங்க, போட்டோ எடுத்தாங்க, பிரியாணி சாப்பிட்டாங்க. அடுத்த மழைக்கு ஒண்ணு நாலாத் துளிர்த்துச்சு. அதைத் தூரோட பிடுங்கணும் ராசா; தூர் பிடுங்குறது போட்டோவுல அழகா விழாது. ஒரு காலத்துல அடுப்பெரிக்க ஆகும்னு சர்க்காரே விதைச்சுவிட்ட மரம். இன்னிக்கும் அதை வெட்டி மூட்டம் போட்டுக் கரி விக்கிற குடும்பங்க நம்ம ராமநாதபுரம் பக்கம் இருக்கு. அவங்க முன்னாடி போய் மரத்தைத் திட்டாதே. எந்தக் கட்டை எப்பத் துளிர்க்கும்னு அவங்களுக்குத்தான் தெரியும். கூலி பேசிக் கூட்டிக்கிட்டு வா.

பீகார்ல தசரத் மாஞ்சி 22 வருசம் உளியும் சுத்தியலுமா மலையைப் பிளந்து பாதை போட்டார்னு போன பொங்கலுக்கு என்கிட்ட ஒரு மணி நேரம் பேசுனே. பெரிய மனுசன், சந்தேகமில்லை. ஆனா அவர் வெட்டுனது தன் ஊரு கெலோர்ல, தன் பெண்சாதி தடுக்கி விழுந்த மலையை. அடுத்த ஜில்லா மலைக்குக் கண்டனம் தெரிவிச்சுட்டுப் படுக்கப் போயிடலை.

சரி, உன் பங்கைச் சொல்லிடறேன். ரொம்ப இல்லை, எட்டு முழம். மேற்கால வரத்துக்கால் வளைஞ்சு திரும்புற எடம். மண்ணு லேசானது, கருவேலமும் கிடையாது. ஒரே ஒரு தொந்தரவு, அந்த எட்டு முழத்து மேலதான் உங்கப்பன் காம்பவுண்டுச் சுவர் நிக்குது. நான் குத்தம் சொல்லலை. சுவரா நடந்து வந்திருக்கலாம். மச்சான்கிட்ட நான் போய்க் கேட்டா, எங்க அக்காவைக் கட்டிக்கொடுத்தப்ப கொறஞ்ச பவுன்ல ஆரம்பிப்பாரு. நீ கேளு. ஐக்கிய நாட்டுச் சபைக்கே மனுப் போடுற பிள்ளை, பெத்த அப்பன்கிட்டப் பேச மாட்டியா?

புரட்டாசி பத்துக்குள்ள முடிச்சுடு. லீவு இல்லை, கை கொப்புளிக்குதுன்னா தண்டம் ஆயிரம். ஜிபே நம்பர் உங்க அத்தைகிட்ட இருக்கு. ரெண்டும் முடியாதுன்னாலும் பரவாயில்லை. இந்த வருசம் மடைச் சாவி என்கிட்டத்தான் கொடுத்திருக்காங்க. எனக்கும் இப்பல்லாம் கண்ணு அவ்வளவு நல்லாத் தெரியறதில்லை மாப்ளே.