டவுசரைத் திருப்பிப் பாருங்க மாப்ள

வாங்க மாப்ள, உக்காருங்க. என்னுங், உக்கார முடியலீங்களா? சரி, நின்னுக்கிட்டே கேளுங்க. திண்ணைக்கும் உங்களுக்கும் நடுவுல என்ன தகராறுன்னு எனக்குத் தெரியும்.

ஒன்றரை லட்சத்துக்குச் சைக்கிள் வாங்குனீங்க. கார்பன் ஃப்ரேமுன்னு ஒத்தைக் கையில தூக்கிக் காட்டுனீங்க, நானும் வாயைப் பொளந்து பாத்தேன். தலைக்கு ஹெல்மெட்டு, கண்ணுக்கு வானவில் கண்ணாடி, கைக்கு உறை, மணிக்கட்டுல நெஞ்சு எத்தனை தரம் அடிக்குதுன்னு எண்ணிச் சொல்ற வாட்ச்சு. எல்லாம் சரிங்க. எண்பது கிலோ ஒடம்பு போய் உக்கார்ற எடத்துக்கு மட்டும் ஆன்லைன்ல ஐநூறு ரூவாய்க்கு ஒரு கறுப்பு டவுசரு. தாராபுரம் ரோட்டுல போய்ட்டு நீங்க காலை அகட்டி நடந்து வந்த நடையைப் பாத்துட்டு, எங்க அக்கா, பையனுக்குக் காத்துக் கருப்பு பட்டுருச்சுன்னு வேப்பிலை ஒடிக்கக் கெளம்பிட்டா. வேப்பிலையில தீர்ற காரியமில்லைன்னு நாந்தான் நிறுத்தி வெச்சிருக்கேன்.

உங்க மாமன் பனியன் கம்பெனியில தலை நரைச்சவன். சிங்கர், ஓவர்லாக், பேட்லாக்னு எல்லா மிசின்லயும் உக்காந்துட்டு, கடைசியில செக்கிங் டேபிளுக்கு வந்து சேந்தவன். செக்கிங்ல பீஸ் கையில வந்தா வெளிப்பக்கத்தைப் பாத்து மயங்கக் கூடாது, உள்ளே திருப்பிப் போடோணும். மத்த உடுப்புக்கு அது எங்க தொழில் பழக்கம், வாங்கறவனுக்கு அவசியமில்லை. இந்தச் சைக்கிள் டவுசருக்கு மட்டும் கதையே தலைகீழ். இதோட உள்பக்கம்தான் உங்களுக்கு. வெளிப்பக்கம் உங்க பின்னால சைக்கிள்ல வர்றவனுக்கு. நீங்க என்னடான்னா அவனுக்குப் புடிச்ச மாதிரி வாங்கிட்டு வந்திருக்கீங்க.

முதல்ல வெக்கத்தை உட்டுட்டு ஒண்ணு சொல்லுங்க. உள்ளார ஜட்டி போட்டிருந்தீங்களா? தலை குனியறதைப் பாத்தாலே தெரியுது. திருப்பூர்க்காரன் வாயால இதைச் சொல்லக் கூடாதுங்க. இந்த ஊர்ல பாதி மாடி வீடு ஜட்டியும் பனியனும் வித்துக் கட்டுனது. ஆனாலும் சொல்றேன், உக்கார்ற எடத்துல மெத்தையாட்டம் பேடு வெச்ச டவுசருக்குள்ள ஜட்டி ஆகாது. ஜட்டி ஓரத்துல தையல் இருக்குது, எலாஸ்டிக் இருக்குது. பருத்தி வேர்வையைக் குடிச்சிட்டு உடாம வெச்சிருக்கும். நிமிஷத்துக்கு 80 சுத்து மிதிக்கிறீங்கன்னு வெச்சுக்குங்க, மணிக்கு 4,800 தரம் தொடை ஏறி எறங்குது. அத்தனை தரமும் ஈரத் தையல் ஒரே எடத்துல ஒரசுனா தோல் என்னத்துக்கு ஆவும்? சைக்கிள் சவாரிக்கு மட்டும் எங்க ஊர்ச் சரக்கைப் பீரோவுலயே வெச்சுட்டுப் போங்க. இதைச் சொன்னேன்னு காதர்பேட்டைப் பனியன் கடைங்க பக்கம் வாயைத் தொறந்துராதீங்க.

அடுத்தது வாரு. "மாமா, தோள்ல வார் போட்டா கோமாளி கணக்கா இருக்குமே"ன்னு கேட்டீங்க. வார் இல்லாத ஷார்ட்ஸ் வெலை கம்மிதான், இல்லைங்கல. ஆனா, நீங்க குனிஞ்சு ஹேண்டிலைப் புடிச்ச ஒடனே இடுப்பு எலாஸ்டிக் வயித்தை அறுக்கும். நாலு பள்ளம் தாண்டறதுக்குள்ள டவுசர் பின்னாடி எறங்கும், பேடு எடம் மாறும். எடம் மாறுன பேடு, பேடு இல்லாததைக் காட்டியும் மோசம். வார் வெச்ச பிப் ஷார்ட்ஸ்ல இடுப்புப் பட்டையே கெடையாது. தோள்லருந்து தொங்கறதால பேடு வெச்ச எடத்துலயே நிக்கும். தொப்பையும் அமுங்காம மரியாதையா இருக்கும். மேல ஜெர்சி போட்டுட்டா வார் யார் கண்ணுக்கும் தெரியப் போறதில்லை. ஒரே ஒரு சங்கடம், அவசரத்துக்கு ஒதுங்கறப்ப. ஆம்பளைக்கு முன்பக்கத் துணியைச் சித்த கீழ இழுத்தாப் போதும். வூட்டுல பொம்பளைப் புள்ளைக்கும் வாங்கறதுன்னா, பின்பக்கம் தனியாக் கழட்டற மாதிரியோ, வாரை விடுவிக்கிற மாதிரியோ இருக்கறதாப் பாத்து வாங்குங்க. இல்லாட்டி ஜெர்சியையும் கழட்ட வேண்டி வரும். பேடும் பொம்பளைங்களுக்கு வேற அமைப்பு. உங்களுதையே ஒரு சைஸ் சின்னதா எடுத்துக் குடுத்துட்டு, பணத்தை மிச்சம் பண்ணிட்டேன்னு நிக்காதீங்க.

இப்ப விசயத்துக்கு வர்றேன். டவுசரை உள்ளே திருப்புங்க. இந்தப் பேடு இருக்குதே, இதுக்குத்தான் நீங்க காசு குடுக்கறது. மத்ததெல்லாம் இதை எடத்துல புடிச்சு வெக்கிற துணி, அவ்வளவுதான். அந்தக் காலத்துல ஐரோப்பாக்காரன் கம்பளி டவுசருக்குள்ள ஒரு மலையாட்டுத் தோலை வெச்சுத் தெச்சான். தொவைச்சுக் காயப் போட்டா அது வெறைச்சுப் போகும், அதை எளக்கறதுக்குக் களிம்பு தடவுவான். இப்ப வர்றது ஃபோமும் மேல மெல்லிசான பின்னல் துணியும்.

உங்க ஐநூறு ரூவா டவுசர்ல பேடு இல்லாம இல்லை. தலகாணி மொத்தத்துக்கு வெச்சிருக்கான். அதைப் பாத்துத்தான் ஏமாந்தீங்க. மொத்தமா இருந்தா மெத்துமெத்துன்னு இருக்கும்னு கணக்குப் போட்டீங்க. அப்படி இல்லைங்க. உக்கார்றப்ப ஒடம்புப் பாரம் இறங்கற எடம் ரெண்டே ரெண்டு எலும்பு. கையை அடியில குடுத்து உக்காந்து பாத்தா ரெண்டு முட்டு தட்டுப்படும். அந்த ரெண்டு எடத்துல மட்டும் அடர்த்தியான ஃபோம் ஓணும். மத்த எடத்துல மெல்லிசாக் கொறைஞ்சு, ஓரத்துல ஒண்ணுமே இல்லாம முடியோணும். மொத்தமும் ஒரே கனத்துல இருந்தா தொடை இடுக்குல மடிஞ்சு கசங்கும், காத்துப் போகாது. நம்மூர்ச் சித்திரை வெயிலுக்கு உள்ளார இட்டிலியே வேகும்.

கடைக்குப் போனா வேற ஆராய்ச்சி வேண்டாம். ரெண்டு கட்டை விரலையும் பேடோட பின்பாதியில, எலும்பு உக்கார்ற எடத்துல வெச்சு, அடியில இன்னொரு விரலைக் குடுத்து அமுக்குங்க. அடிவிரல் ஒடனே தட்டுப்பட்டா அது வெறும் பஞ்சு, அரை மணி சவாரிக்கு மேல தாங்காது. அமுக்குனா எதிர்த்து நின்னு, விட்டா மெதுவா எந்திரிச்சு வரோணும். நல்ல கம்பெனிக்காரன் ஃபோம் அடர்த்தியை அச்சடிச்சே குடுப்பான், ஒரு கன மீட்டருக்கு 80 கிலோ, 120 கிலோன்னு. எச்சா நேரம் ஓட்டறதுக்கு எச்சா அடர்த்தி. இத்தனை மணி நேரச் சவாரிக்குன்னும் சில பேர் எழுதியிருப்பான். ஞாயித்துக்கிழமை அவிநாசி வரைக்கும் போய் டீ குடிச்சிட்டு வர்றவனுக்கு ஏழு மணி நேரத்துப் பேடு எதுக்குங்க? அதே, நீங்க சொல்லிக்கிட்டுத் திரியற 200 கிலோமீட்டர் பிரெவேங்கற நெடுந்தூரச் சவாரிக்குப் போறதா இருந்தா, அதுக்குக் கெடு பதிமூன்றரை மணி நேரம். அதுக்கு இந்த ஐநூறு ரூவா டவுசரைப் போட்டுட்டுப் போனா, திரும்பி வர்றப்ப சைக்கிளைத் தள்ளிக்கிட்டுத்தான் வரோணும்.

இன்னொரு சங்கதி. பெரிய பெரிய பேர் வெச்சவன்ல பல பேர் பேடைத் தானாச் செய்யறதில்லை. இத்தாலியில எலாஸ்டிக் இன்டர்ஃபேஸ்ங்கற பேர்ல ஒரு கம்பெனி, பேடு செய்யறதே அவங்க பொழப்பு. வெலை ஒசந்த டவுசருக்கும் அவங்கதான் தர்றாங்க, நடுத்தர வெலை டவுசருக்கும் அவங்கதான் தர்றாங்க. அதுக்காக அந்தப் பேரைப் பாத்த ஒடனே கும்பிட்டு விழாதீங்க. அவங்ககிட்டயே ஒசத்தி, மட்டம்னு ஏகப்பட்ட தரம் இருக்குது. பேரைப் படிச்சிட்டு, கட்டை விரலையும் வெச்சுப் பாருங்க.

துணிக்கு வருவோம். லைக்ராங்கறோமே, அந்த நூலை 1958-ல அமெரிக்காவுல டூபான்ட் கம்பெனியில ஜோசஃப் ஷிவர்ஸ்ங்கறவர் கண்டுபுடிச்சார். எதுக்குன்னு நெனைக்கிறீங்க? பொம்பளைங்க இடுப்பை இறுக்கிக் காட்டற உள்ளாடையில ரப்பருக்குப் பதிலாப் போட. அதைத்தான் நீங்க வீரம்னு மாட்டிக்கிட்டு மேட்டுல ஏறறீங்க. சரி, இருக்கட்டும். லேபிள்ல லைக்ராவை எலாஸ்டேன்னு போட்டிருப்பான். நைலானோ பாலியஸ்டரோ நூத்துக்கு எம்பதும், எலாஸ்டேன் இருபதும் சுத்துப்பட்டுல இருந்தா நல்லாப் புடிச்சு நிக்கும். எலாஸ்டேன் ஆறு, ஏழுன்னு எழுதியிருந்தா சீக்கிரமே கோணிப்பை ஆயிரும். நைலான் தோலுக்கு மெத்துனு இருக்கும், பாலியஸ்டர் சீக்கிரம் காயும், வெலையும் கம்மி. ரெண்டும் குத்தமில்லை. துணியை ரெண்டு கையில இழுத்துப் புடிச்சு வெளிச்சத்துல காட்டுங்க. உங்க விரல் தெரிஞ்சா, குனிஞ்சு ஓட்டறப்ப வேற எது எது தெரியும்னு நீங்களே நெனைச்சுப் பாத்துக்குங்க.

தையல் எங்க சாம்ராஜ்ஜியம், ஆனாலும் ரெண்டு வார்த்தைதான் சொல்லுவேன். உள்பக்கத் தையல் மேல விரல் நகத்தை ஓட்டுங்க. வழுக்கிட்டுப் போனா அது ஃபிளாட்லாக், நாலு ஊசி ஆறு நூல்ல துணி ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் படுக்கையாத் தெச்சது. நகம் தட்டி நின்னா அது ஓவர்லாக். பனியனுக்கு அது போதும், தொடை இடுக்குக்கு ஆகாது. தையலை இழுத்துப் பாருங்க. படக் படக்னு நூல் அறுந்தாக் கடைக்காரன் பாக்கறதுக்குள்ள மடிச்சு வெச்சிட்டு அடுத்த ரேக்குக்கு நகந்துருங்க. தொடை ஓரத்துல அகலமான பட்டை வெச்சது நல்லது. ஒல்லியா ஒரு சிலிக்கான் கோடு மட்டும் வெச்சதுன்னா சதையைப் பிதுக்கிக் காட்டும், சில பேருக்கு அரிப்பும் எடுக்கும்.

சைஸ்ல கவுரவம் பாக்காதீங்க. நீங்க எல்லுன்னு சொல்லிக்கறீங்க, உங்க தொடை டபுள் எக்ஸ்எல்லுன்னு சொல்லுது. இத்தாலிக்காரன் அளவு இன்னும் ஒரு சைஸ் சின்னதா இருக்கும். போட்டுப் பாக்கறப்ப நேரா நிக்காதீங்க, வார் தோளை இழுக்கறது நேரா நிக்கிறப்ப இருக்கத்தான் செய்யும். சைக்கிள் ஓட்டற மாதிரி குனிஞ்சு நில்லுங்க. அப்ப வார் எளகி, பேடு ஒடம்போட ஒட்டி நின்னா அது உங்க சைஸு. பேடுக்கும் ஒடம்புக்கும் நடுவுல காத்து ஓடுனா பெருசு. கடைப் பையன் சிரிச்சா சிரிச்சிட்டுப் போறான், அடுத்த ஞாயித்துக்கிழமை அவனா வந்து ஓட்டப் போறான்?

வெலை. இதுக்குத்தானே இத்தனை நேரம் நின்னீங்க. பதினஞ்சாயிரம், இருபதாயிரம்னு வெளிநாட்டு உருப்படி இருக்குது. நல்ல சரக்குதான், பொய் சொல்லலை. ஆனா அதுல நெறையத் துணியோட மெல்லிசுக்கும் பேருக்கும் போகுது. ஐநூறு ரூவா உருப்படியில நல்ல பேடுக்குன்னு ஒரு பைசா போகலை. ரெண்டுக்கும் நடுவுல ரெண்டாயிரத்துலருந்து நாலாயிரத்துக்குள்ள நம்ம நாட்டுக் கம்பெனிச் சரக்கும், டெக்கத்லான் கடைச் சரக்கும் கெடைக்குது. அங்க தேடுங்க. கையில ஆறாயிரம் இருந்தா ஒசந்த உருப்படியா ஒண்ணு வாங்காதீங்க, மூவாயிரத்துல ரெண்டு வாங்குங்க. ஏன்னா, ஒரு தரம் போட்டதைத் தொவைக்காம மறுபடி போடக் கூடாது. ஒண்ணே ஒண்ணு வெச்சிருக்கறவன் நேத்து ஈரத்தையே மாட்டிக்கிட்டுப் போவான். அந்த வேர்வைப் புழுக்கத்துல கட்டி கெளம்பும். பேரு போட்ட ஒசத்தி டீம் டவுசரு ஆயிரம் ரூவாய்க்குக் கெடைக்குதுன்னு எவனாவது போன்ல படம் அனுப்புனா, அந்தப் படத்தை மட்டும் வெச்சுக்குங்க. உள்ள இருக்கற பேடு அதே பழைய பஞ்சுதான்.

தொவைக்கறது லேசு. வந்த ஒடனே உள்ளே திருப்பிப் பச்சத் தண்ணியில அலசுங்க, கம்மியாச் சோப்பு. வாசத்துக்குன்னு ஊத்தறாங்களே கம்ஃபோர்ட், அது ஆகாது. அது நூல் மேல படிஞ்சு வேர்வை உறிஞ்சற குணத்தைக் கெடுக்கும். முறுக்கிப் புழியாதீங்க, பேடு கோணிக்கும். பொடக்காலியில நெழல்ல கொடியில போடுங்க. வெயில்ல மொறுமொறுன்னு காயப் போட்டா எலாஸ்டேன் செத்துப் போகும். தேங்காய் எண்ணெய் தடவிக்கிட்டா வழுக்கும்னு உங்க சேக்காளி சொன்னானாமே. பேடுல பிசுக்கு ஏறி, அலசுனாலும் போகாது. நெடும் பயணத்துக்குன்னே தண்ணியில கழுவுனாப் போற க்ரீம் விக்கறான், அதைப் பூசுங்க. இத்தனையும் செஞ்சு அப்பவும் வலிச்சா, டவுசரைத் திட்டாதீங்க. சீட்டு ஒயரமோ அகலமோ தப்பா இருக்கும். அதைச் சைக்கிள் கடைக்காரன் பாத்துக்குவான், எனக்கு அந்த வித்தை இல்லை.

கடைசியா ஒண்ணு, கோவிச்சுக்கக் கூடாது. இதுக்கு முன்னால ரெண்டு வருசமாப் போட்டுட்டிருந்தீங்களே, அந்தப் பழைய டவுசரு. பின்பக்கம் நூல் தேஞ்சு, கறுப்பு போய்ச் சாம்பல் ஆயிருச்சு. நின்னாத் தெரியலை, குனிஞ்சா எல்லாம் தெரியுது. முன்னால ஓட்டற உங்களுக்கு எந்தக் காலத்துலயும் தெரியப் போறதில்லை, பின்னால வர்ற ஒருத்தனும் வாயைத் தொறந்து சொல்லவும் மாட்டான். நான் சொல்லிட்டேன். அதைச் செயின் தொடைக்கற துணியா ஆக்கிக்குங்க மாப்ள, இனி ரோட்டுக்குப் போட்டுட்டுப் போகாதீங்க.