எம்டன் மாலுமியின் குவளை

கேள்வி: ஜேர்மனியிலிருந்து வந்த மைத்துனர், மாலுமிப் படம் தீட்டிய மூடி போட்ட பீங்கான் பியர்க் குவளையொன்றைத் தந்து, 'எம்டன் கப்பல்காரனுடையது, பத்திரம்' என்கிறார். அசல்தானா?
— ஒரு வாசகர், விசுவமடு

பதில்: மைத்துனர் தந்த வஸ்துவைப் பரீட்சிப்பது குடும்ப க்ஷேமத்துக்கு உகந்ததன்று; கேட்டுவிட்டீர், சொல்கிறேன். 1914க்கு முன், கைசர் ஆட்சியிலே கட்டாய சேவையை முடித்து ஊர் திரும்பிய ஜேர்மன் வாலிபன், தன் பெயரும் படைப்பிரிவும் சேவித்த வருஷங்களும், பக்கங்களிலே தோழர்களின் நாமாவளியும் பொறிக்கச் செய்து, தன் காசிலேயே வாங்கிக்கொண்ட ஞாபகார்த்தம் இது. அரசன் அளித்த விருதென்று யாரேனும் சொன்னால் நம்பவேண்டாம்.

குவளையை வெளிச்சத்துக்கு உயர்த்தி உள்ளே நோக்கினால், அடித்தட்டுப் பீங்கானில் ஒரு சித்திரம் ஒளியிலே துலங்கும். காதலியிடம் பிரியாவிடை பெறும் வீரன் போன்ற கண்ணியமான காட்சியாயின் ஆறுதல் கொள்ளலாம். ஆடையற்ற மங்கை தரிசனம் தந்தாளாயின், அது பெரும்பாலும் பிற்காலப் போலியே. (இரண்டாம் முறை பார்ப்பது ஆராய்ச்சியில் சேராது.)

1914 செப்டெம்பர் 22 இரவில் சென்னையின் எண்ணெய்த் தாங்கிகளைக் கொளுத்திய அந்த ஜேர்மன் போர்க்கப்பல் எம்டன், சேவையில் இறங்கியதே 1909இல்தான். ஆகவே உமது குவளை 1904–1907 என்று வருஷம் காட்டுமாயின், அம்மாலுமி கடலில் அல்ல, குவளைக்குள்ளே மிதந்தவனாக இருக்கவேண்டும்.

வெள்ளீய மூடி மங்கியிருக்கிறதென்று வீட்டார் புளியும் சாம்பலும் இட்டுத் துலக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளும். சேகரிப்போர் விலை கொடுப்பது அந்த மங்கலுக்குந்தான்.